தொட்டி மூடியும் சேம்பர் மூடியும்

வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்று எந்நேரம் கேட்டாலும் எங்கள் அம்மா சொல்லிவிடுவார். கையில் காசு எவ்வளவு என்று கேட்டால் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்; தண்ணீர்க் கணக்குக்கு அது வேண்டியதில்லை. செல்லூரில் நாங்கள் வளர்ந்த வீட்டில் குடிக்கிற தண்ணீர் எவர்சில்வர் குடங்களில், சமையலுக்குப் பித்தளை அண்டாவில், குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில். மூன்றுக்கும் தனித்தனிச் செம்பு. தொட்டிச் செம்பைக் குடத்துக்குள் விட்ட பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். குழாயில் தண்ணீர் வராத நாளாக இருந்தாலும் அந்தக் குடத்துத் தண்ணீர் அப்படியே செடிக்குப் போய்விடும்.

மதுரைக்காரர்களுக்கு வறட்சிக்குத் தயாராவது பழகிப்போன வேலை. வைகையை மணலாகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்துபோய், அடுத்த கோடையில் தெருவெல்லாம் பிளாஸ்டிக் டிரம்கள் லாரிக்காக வரிசைகட்டி நின்றபோது யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2012 மின்வெட்டுக் காலத்திலும் அப்படித்தான். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். கரண்டு வந்த நிமிஷமே மோட்டாரைப் போடுவதற்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள் தூங்காமல் கிடந்தார். இருக்கிறபோது பிடித்துவைப்பது எங்கள் கையோடு பிறந்த பழக்கம். வெள்ளத்துக்கு அது பாதிதான். நல்ல தண்ணீரையும் கழிவையும் ஒன்றோடொன்று சேராமல் காப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நான் செல்லூரிலும் தூத்துக்குடியிலும் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன்.

1993 பருவமழையில் வைகையில் பெருவெள்ளம். செல்லூர்ப் பக்கம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அப்பா கைத்தறி நெசவாளி. வீட்டில் இருந்தது குழித்தறி; தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டுத்தான் மிதிக்க வேண்டும். அன்றிரவு வாசலுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே குழியில் ஊறத் தொடங்கிவிட்டது. மிதிகட்டைகள் ஒவ்வொன்றாக மிதந்து மேலே வந்ததை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பேசாமல் பாவை அறுத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மா குடங்களைப் பரணுக்கு ஏற்றப் போனார். அப்பத்தா கையைப் பிடித்துத் தடுத்தார். "தூக்கி மேல வைக்கிறத யாரும் செய்வாக. மொதல்ல வாயக் கட்டுடி." பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு குடத்துக்கும் வேடு கட்டி, சணலால் இறுக்கிய பிறகுதான் ஏற்ற விட்டார். ஏன் என்பது விடிந்ததும் தெரிந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் கொல்லைப்புறம் அப்போது எடுப்புக் கக்கூஸ்தான். முழங்கால் உயரம் நின்ற தண்ணீரில் என்னென்ன மிதந்தது என்று எழுத வேண்டாம். ஈக்கள் பரண் வரைக்கும் ஏறின. வேடு கட்டிய குடங்களில் ஒன்றில்கூட ஒரு ஈ விழவில்லை. அதைத்தான் காய்ச்சிக் குடித்தோம். பிறகு கூரைத் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் பிடித்து, மண்பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்து ஊற்றிவைத்தார் அப்பத்தா. கலங்கல் எல்லாம் அடியில் இறங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். தெளிந்த பிறகும் கொதிக்கவைக்காமல் தரமாட்டார். தேற்றாங்கொட்டை கலங்கலை எடுக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது என்பதைப் பள்ளிக்கூடம் போகாத அவர் எங்கே தெரிந்துகொண்டார் என்று கேட்டுவைக்க எனக்கு அப்போது வயது போதவில்லை.

உலர் கழிப்பிடம் கட்டுவதையும் மனிதரை வைத்து மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் முதல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1993-இல்தான். எங்கள் தெருவுக்கு அது வந்துசேரச் சில வருஷம் ஆனது.

அந்த நாட்களில் எனக்குள் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. ஆண்கள் மேட்டுப் பக்கம் போய் வந்தார்கள். பெண்களுக்கு இருட்ட வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், மறைவு வேண்டும். அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை; சொம்பை நீட்டினால் "வேணாம் தாயி" என்று தள்ளினார்கள். எங்கள் சித்தி அப்போது ஏழு மாதம். குளிர்காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது சிறுநீர்த் தாரையில் கிருமி என்றார்கள். சித்தியும் குழந்தையும் பிழைத்தார்கள். வெள்ளத்தில் சோறில்லை என்றால் ஊரே ஓடிவரும். போக இடமில்லை என்பதைப் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. இன்றைக்கும் நிவாரணப் பொட்டலத்தில் அரிசி, பிரெட், போர்வை எல்லாம் இருக்கின்றன. மூடி போட்ட வாளி இருப்பதில்லை.

செல்லூர் ஏன் முழுகுகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பாலமேட்டுப் பக்கம் சாத்தையாறு அணையில் தொடங்கி, கண்மாய் கண்மாயாக மறுகால் பாய்ந்து வருகிற தண்ணீர் கடைசியில் செல்லூர்க் கண்மாயில் சேர்ந்து வைகைக்குப் போக வேண்டும். வடக்கே இருக்கிற குடியிருப்புகளின் மழைநீருக்குப் பந்தல்குடி வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு ஊர். ஆற்றுக்காவது எச்சரிக்கை உண்டு. 71 அடி வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. மதுரையில் யானைக்கல் தரைப்பாலத்தை அடைத்து ஆளை நிறுத்துவார்கள். தலைக்கு மேல் கொட்டுகிற மழைக்கும், வாய்க்காலிலும் சாக்கடைக் குழாயிலும் எதிர்த்து ஏறுகிற தண்ணீருக்கும் அப்படி எந்தச் சங்கும் ஊதுவதில்லை. வானம் இருட்டிய பிறகு நமக்குக் கிடைக்கிற நேரத்தில் இரண்டு மூன்று வேலைதான் ஆகும். மீதியெல்லாம் புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையை அடித்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 17-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். மதுரையில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையே ஏறக்குறைய 85 சென்டிமீட்டர்தான். என் அக்கா தூத்துக்குடியில், கீழ்வீட்டில் இருக்கிறாள். அக்காவும் அத்தானும் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்கள். செல்போனில் சார்ஜ் இருந்தவரை பேசினாள். கடைசியாகச் சொன்னது இதுதான்: "கழுவத் தண்ணி இல்லங்கிறது இருக்கட்டும் தாயி. போறதுக்கே எடம் இல்ல."

பாதை திறந்ததும் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு போனோம். அக்கா அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டு மாடியில் கிடந்திருக்கின்றன. ஒன்று சிறுநீருக்கு மட்டும். மற்றதில் தடித்த பிளாஸ்டிக் பையை இரண்டாகப் போட்டு, போய்வந்த ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை சாம்பல். சாம்பல் தீர்ந்ததும் பூந்தொட்டிக்காக வாங்கிவைத்திருந்த தேங்காய்நார்த் தூள். மாடிப்படி வளைவில் குறுக்கே ஒரு சேலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் வந்து போயிருக்கிறார்கள். பக்கத்தில் போய் நின்றேன். நாற்றம் இல்லை. சிறுநீர் கலக்காமல் இருந்தால், ஈரத்தைச் சாம்பல் இழுத்துவிட்டால், நாற்றமும் ஈயும் வெகுவாக அடங்கிவிடுகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. திருச்சிக்கு மேற்கே முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் பல வருஷமாக இதே முறையில், சிறுநீரும் மலமும் தனித்தனியாக விழும் கழிப்பறைகளைக் கட்டித் தந்திருக்கிறது. காவிரிக் கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் சாதாரணக் குழிக் கழிப்பறை கிணற்றைக் கெடுத்துவிடும் என்பது அதற்குக் காரணம். அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரம் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் குலுங்கியபோது தரைக்கடியில் சாக்கடைக் குழாய்கள் நொறுங்கிப்போயின. வசதியான வீட்டுக்காரர்களும் மாதக்கணக்கில் தற்காலிகக் கழிப்பறையையும் தோட்டத்தில் வெட்டிய குழியையும் நம்பி இருந்தார்கள். அக்கா இரண்டையும் அறியாதவள். தேவை அவளையும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இப்போது இருப்பது மீனாம்பாள்புரம் பக்கம். கீழே நாங்கள், மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடித்தனம். மதுரையில் பல வீடுகளில் இருக்கிற அமைப்புதான்: தெருக்கதவைத் திறந்ததும் ஒரு பக்கம் நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடி, அதிலிருந்து எட்டி மிதிக்கிற தூரத்தில் கழிவுநீர்ச் சேம்பரின் மூடி. இரண்டும் தரைமட்டம். இடத்தை மிச்சப்படுத்திக் கட்டுகிறவர்கள் இப்படித்தான் கட்டுகிறார்கள். சாதாரண நாளில் இரண்டு மூடிக்கும் நடுவே கோலம் இருக்கும். வெள்ளம் வந்தால் இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வழக்கமாக வருகிற ப்ளம்பர் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கொண்டுவந்தது குறடும் இல்லை, குழாயும் இல்லை. கண்ணாடி மாதிரித் தெரிகிற நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை எங்கள் கக்கூஸ் கோப்பை விளிம்பில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு தெருவுக்குப் போனார். மட்டம் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அக்கா, ரோட்டு மேன்ஹோல் மூடி ஒங்க கோப்பையவிட அரை சாண் ஒசரம்."

எனக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது. வீடு கட்டியபோது அப்படி இருந்திருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு குழிக்குள் போய்விட்டது. மழை நாளில் தெருத் தண்ணீர் வடியட்டும் என்று யாராவது மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். மழைநீருக்கென்று வாய்க்கால் இருக்க, அது கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கும். குழாய் நிறைந்து நீர்மட்டம் மேன்ஹோல் வாய்க்கு வந்தால், அதற்கும் தாழ்வாக இருக்கிற வாய் எதுவோ அதன் வழியாகப் பொங்கும். எங்கள் தெருவில் அந்த வாய் கீழ்வீட்டுக் கக்கூஸ் கோப்பையும் குளியலறைத் துவாரமும்தான்.

வேலை அந்தக் கோடையிலேயே நடந்தது. சேம்பருக்குள், தெருவுக்குப் போகிற குழாயின் வாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. வெளியே போகிறதை விடும். திரும்பி வருவதைத் தடுக்கும். தலைமுடியும் துணியும் சிக்கினால் மூடாது என்பதால் மழைக்கு முன்னால் திறந்து கழுவ வேண்டும், அதைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போனார். தொட்டி வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டிப் பூசி உயர்த்தினோம். மூடிக்கு ரப்பர் வளையம். தொட்டி நிறைந்தால் வழிகிற குழாயையும் அதே உயரத்துக்கு ஏற்றி, வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டினோம். போர்வெல் குழாய் தரையோடு தரையாக, சாக்கைத் திணித்துக் கிடந்தது. அதையும் உயர்த்தி மூடி போட்டார். அழுக்குத் தண்ணீர் அந்த வழியில் இறங்கினால் நம் வீட்டு போரோடு நிற்காது, தெருவில் இருக்கிற மற்ற போர்களுக்கும் போகும். மோட்டாரைச் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து மேலே ஏற்றினோம். இன்வர்ட்டர் பேட்டரி தரையிலிருந்து அலமாரிக்குப் போனது. சமையலறையில் சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டச் சங்கிலி. காலி சிலிண்டர்தான் மிதக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்; நிறைந்த வீட்டுச் சிலிண்டரும் மிதக்கும். ரப்பர் டியூப் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டால் வீடெல்லாம் கேஸ்.

அத்தைக்கு இதெல்லாம் வீண் செலவாகப் பட்டது. "மழைக்குத் தவங்கெடக்கிற ஊருல" என்று ஆரம்பிப்பார். பெயிண்ட் வாளிகளையும், மர அறுவை மில்லில் வாங்கிய ஒரு மூட்டை மரத்தூளையும் பார்த்த பிறகு அவராகவே கேட்டார், "இது எனக்கு உக்கார ஒசரம் பத்துமா?" முழங்கால் வலிக்காரர். வாளி மேல் வைக்கப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்துக் கொடுத்தோம்.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. காலையிலிருந்தே விட்டுவிட்டுத் தூறல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கொட்டியது மழை மாதிரியே இல்லை. கால் மணி நேரத்தில் 4.5 சென்டிமீட்டர் என்று பிறகு படித்தோம். அன்று நாள் முழுக்கப் பெய்தது 9.8 சென்டிமீட்டர். ஏறக்குறைய பாதி மழையை வானம் அந்தக் கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டது. செல்லூர், கட்டபொம்மன் நகர், ஆனையூர், முல்லை நகர் என்று வடக்குக் கரை முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் முழங்கால் வரைக்கும் வந்தது.

தெருத் தண்ணீர் வாசல்படியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்தோம். சிலிண்டர் வால்வைத் திருகி மூடினோம். கோப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி அழுத்தினோம், குளியலறைத் துவாரத்தில் இன்னொன்று. வால்வு இருக்கிறதே என்று விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. பிறகு நான் மாடிக்கு ஓடினேன். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வெளிக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது மாடியில் ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் தெருவுக்குப் போக முடியாமல் கீழ்வீட்டில் எழும்பும். மாடிவீட்டுப் பெண் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். சொன்னதும் குழாயை மூடிவிட்டாள். "எங்களுக்கு என்ன வழிக்கா?" என்றாள். மாடிப்படி வளைவில் சேலையைக் கட்டியபோது அவள்தான் ஒரு முனையைப் பிடித்தாள்.

அன்றிரவும் மறுநாளும் சுற்று வீட்டுப் பெண்கள் அங்கே வந்தார்கள். முதலில் கூச்சப்பட்டார்கள். பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அன்றைக்கென்று மாதவிடாய். அவள் அம்மா என் காதில் சொன்னபோது, பழைய செய்தித்தாளும் தனிப் பையும் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு யாருக்கும் கூச்சம் இல்லை. கை கழுவ மூடியில் ஓட்டை போட்ட பாட்டில். சாய்த்தால் நூலாக விழும், ஒரு பாட்டில் பல பேருக்கு வரும். நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கிற அளவு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர். அப்படிப் பார்த்தால் மாடியில் இருந்த ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் எங்கள் ஐந்து பேருக்குப் பதின்மூன்று நாள் தாங்கும். ஃபிளஷ் இழுத்தால் ஒரு தடவைக்கே பத்து லிட்டர் போகிற வீடுகளில் அந்தக் கணக்கு இரண்டு மூன்று நாளில் கவிழ்ந்துவிடும். எல்லாரையும் குடிக்கச் சொன்னேன். குடித்தார்கள்.

தெருமுனையில் சில இளைஞர்கள் கம்பியை வைத்து மேன்ஹோல் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவரும் எதிர்வீட்டு அண்ணனும் போய்த் தடுத்து, பக்கத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். தண்ணீருக்கடியில் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நாம் கழிவுநீர்க் குழாய்க்குள் விடுகிற மழைநீரும் குப்பையும் மணலும் கடைசியில் ஏற்று நிலையத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க ஒரு மனிதரை இறங்கச் சொல்வார்கள். 2013 சட்டம் அதைத் தடைசெய்கிறது. ஆனாலும் 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகர்க் கழிவுநீர் ஏற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். நம் ஊரில், நம் வீட்டுக் கழிவு போய்ச் சேருகிற இடத்தில் நடந்தது. தெருவில் மூடியைத் திறக்கிற கையைப் பிடித்துத் தடுப்பது அவர்களுக்காகவும்தான். வாளிப் பைகளையும் அதனால்தான் குப்பை வண்டியில் போடவில்லை. ஈரம் வடிந்ததும் கொல்லையில் போர்வெல்லுக்கு எட்டாத மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, பையைப் பிரித்து உள்ளே இருந்ததை மட்டும் கொட்டி மூடினோம்.

எங்கள் வீட்டுக் கோப்பை பொங்கவில்லை. தொட்டிக்குள்ளும் போகவில்லை. வால்வு இல்லாத வீடுகளில் பொங்கியது. தரைமட்டத் தொட்டி எல்லாவற்றிலும் போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு தெரு முழுக்கச் சேர்ந்து தொட்டி கழுவினோம். முழுக்க இறைத்து, சுவரைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்து, முதலில் நிரப்பிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி மருந்து போட வேண்டும். சுத்தமான தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், சமமாக வழித்தால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. மூக்கில் சுள்ளென்று ஏறாத பவுடரை வாங்கவே கூடாது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடு இதைச் சேர்த்துவிட்டால் வருகிற வாயு நெஞ்சை அடைக்கும். இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சுகாதாரப் பணியாளர் ஒருவர் சின்னக் கண்ணாடிக் குழாயோடு வந்து, எங்கள் தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, இளமஞ்சளாக நிறம் மாறியதைக் காட்டினார். தெருவோரம் வெள்ளையாகக் கோடு இழுத்தாற்போல் பவுடர் தூவிவிட்டுப் போனால் ஜனங்களுக்குத் திருப்தியாக இருக்கிறது. வயிற்றுப்போக்கைத் தடுப்பது அந்த இளமஞ்சள்தான்.

செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு 11.9 கோடி ரூபாயில் சிமெண்டுக் கால்வாய் கட்டுவதாக அந்த மழைக்குப் பிறகு அரசு அறிவித்தது. வேண்டிய வேலை. பெரிய வாய்க்கால் சரியானால் தெருவுக்கு வருகிற தண்ணீர் குறையும். வீட்டுக்குள் இரண்டு மூடிகளுக்கு நடுவே இருக்கிற தூரத்தை வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெரு மகளிர் குழுவில் இப்போது அதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வால்வு வைக்க முடியாதவர்களுக்குக் குழுவிலிருந்து கடன். ஆவணி முடிவதற்குள் ப்ளம்பர் தம்பி டியூபோடு எல்லா வீட்டிலும் மட்டம் பார்த்துக் கொடுத்துவிடுகிறார். புரட்டாசியில் புதுப் பிளீச்சிங் பவுடர் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வீட்டுக்கு ஒன்று. அடுத்த முறை ரோடு போடும்போது பழையதைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். கடைசி வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, குனிந்து உட்கார முடியாது, நாற்காலிக் கமோடு ஒன்று வேண்டும். தீபாவளி போனஸ் வந்ததும் வாங்கலாம் என்கிறார் மகன். மழை அதற்கு முன்னால் வந்துவிடும். பனகல் சாலையில் மருத்துவச் சாமான் கடையில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நானே போய் வாங்கி வருகிறேன், பணத்தை அவர் மெதுவாகக் கொடுக்கட்டும்.